ஸரளி வரிசைக்குத் தண்ணீர் விட்டவர்

லண்டனில் கர்னாடக சங்கீதம் கற்றுக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் தன்னுடைய ‘ஸ’ நேராக நிற்கிறதா என்று மட்டம் பார்க்கிற ஸ்பிரிட் லெவலை வைத்துப் பார்த்தவர் மேசன் அண்ணை ஒருவர்தான். இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை. அப்படி இரண்டு பேரை எந்த ஊரும் தாங்காது.

மேசன் என்றால் யாழ்ப்பாணத் தமிழில் கொத்தனார். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவிகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. ஐம்பத்தைந்து வயது, அகலமான தோள், செங்கல்லைப் போலச் சொரசொரத்த கை. ஃபாரஸ்ட் கேட் பக்கம் எந்த வீட்டிலாவது சமையலறையைப் பின்னால் நீட்டியிருந்தால் அது பெரும்பாலும் அவர் கட்டியதாக இருக்கும்.

அங்கே ஒரு பள்ளிக்கூடத்தைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். அதில் வாய்ப்பாட்டு வகுப்பு என்னுடையது. மாடியில், உலக வரைபடங்கள் தொங்கும் புவியியல் அறையில், ஏழு முதல் ஒன்பது வயது வரை ஒன்பது பிள்ளைகள். ஒரு ஜூன் மாதக் காலையில் சிமெண்டு படிந்த காற்சட்டையும் கையில் ஸ்பிரிட் லெவலுமாக ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கூரை ஒழுகுவதைப் பற்றி மூன்று வாரமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்த நான், அப்பாடா என்று மேலே கையைக் காட்டினேன்.

“அங்கதான் சார் ஒழுகுது.”

அவர் நாற்காலியில் ஏறி, ஈரம் படிந்த இடத்தை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

“மேல ஓடு ரெண்டு விலகியிருக்கு. கவுன்சிலுக்குச் சொல்லுங்கோ” என்றார். பிறகு இறங்கி, முதல் வரிசையில் இருந்த குட்டி நாற்காலியில் முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துகொண்டார்.

“சார்?”

“நான் பாட்டுப் படிக்க வந்தனான், ரீச்சர். சார் எண்டு கூப்பிடாதேங்கோ. ஆரோ வாத்தியாரைக் கூப்பிடுற மாதிரி இருக்கு.”

காரணத்தையும் அன்றைக்கே, ஒரு மதில் எவ்வளவு உயரம் என்று சொல்வதைப் போலச் சொன்னார். மகள் தர்ஷினிக்கு அடுத்த வருடம் ஆவணியில் கல்யாணம். அதில் அவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

“அவள் ஆறு வயசில இஞ்சதான் பாட்டுப் படிச்சவள். மூண்டு மாசம்தான் படிச்சது. அதுக்குள்ள ஆண்டு விழா மேடையில பெரிய பாட்டொண்டுக்கு ஏத்தினது நான். மூண்டாம் வரி மறந்து போச்சு. பிள்ளை அப்பிடியே நிக்குது. நான் முன் வரிசையில இருந்து ‘பாடு, பாடு’ எண்டு கத்தினனான். அதுக்குப் பிறகு அவள் குளிக்கேக்கையும் பாடினதில்லை. போன மாசம் கலியாணத்தைப் பற்றிக் கதைக்கேக்க, நீ ஒரு பாட்டுப் படியன் பிள்ளை எண்டு கேட்டன். ‘நீங்கள் ஏறிப் பாடுங்கோ அப்பா, அப்ப தெரியும்’ எண்டாள். நான் ஓமெண்டிட்டன்.”

பதினான்கு மாதம் இருந்தது. ஒரு பாட்டுக்கு அது தாராளம் என்று நினைத்தேன். அவரைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியைக் கட்டும்போது அம்மா செங்கல் சுமந்தார். அதே கட்டடத்தில் நான் பன்னிரண்டாவது வரை படித்தேன். பிறகு அரசு இசைக் கல்லூரி, அதன் பிறகு லண்டனில் இசைக் கல்வியில் முதுகலை. அதற்காக நான் எழுதிய பாடத்திட்டத்தை ஒரே தாளில் சுருக்கி, லேமினேட் செய்து வகுப்பில் மாட்டியிருந்தேன். அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒருமுறை நின்று படிப்பேன், எழுதியது நான்தான் என்றாலும்.

ஒரு மணி நேரத்தை ஐந்தாகப் பிரித்த தாள் அது. குரலை ஆடாமல் நிறுத்திப் பிடிக்கப் பத்து நிமிடம், ஸ்வர வரிசைகளுக்குப் பதினைந்து, பாட்டுக்குப் பதினைந்து, தாளத்துக்குப் பத்து, நல்ல சங்கீதம் கேட்கப் பத்து. வரிசை மட்டும் பாடுகிற பிள்ளை அலுத்துப்போய் ஓடிவிடும். பாட்டு மட்டும் பாடுகிற பிள்ளை கொஞ்சம் வேகமான இடம் வந்தாலே தடுக்கி விழும். எல்லாம் சேர்ந்து வளர வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

மேசன் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“வடிவா எழுதியிருக்கிறியள் ரீச்சர். ஆனா ஒரு பிழை இருக்கு.”

“என்ன பிழை?”

“அத்திவாரத்தையும் கூரையையும் ஒரே நாளில போடச் சொல்லுறியள்.”

எனக்குச் சுருக்கென்றது. பேராசிரியர்கள் மூன்று பேர் பார்த்து நன்று என்று எழுதிக் கொடுத்த தாள் அது.

“இது வீடு இல்லண்ணே, சங்கீதம்.”

“எல்லாம் கட்டுறதுதானே.”

அதோடு அவர் முடிவு செய்துவிட்டார். பாட்டுக்கான பதினைந்து நிமிடத்திலும் கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வரிசைகள் முழுவதும் முடிந்து, நன்றாக இறுகிய பிறகுதான் பாட்டு.

குரலை நிறுத்திப் பிடிக்கும் பயிற்சிக்குத்தான் ஸ்பிரிட் லெவல். அதை மேசையில் வைத்து, இரண்டு முழங்கையையும் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு ‘ஸா’ என்று பிடிப்பார். குரல் ஆடினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் மேசை ஆடும், மேசை ஆடினால் அதற்குள் இருக்கும் குமிழி காட்டிக்கொடுக்கும் என்பது அவருடைய விஞ்ஞானம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ரயில் பாதை இருந்தது. ஒவ்வொரு ரயில் போகும்போதும் குமிழி ஆடும். அவர் உடனே நிறுத்திவிட்டு, “ச்சே, பிழைச்சுப் போச்சு” என்று முதலிலிருந்து தொடங்குவார்.

“அண்ணே, அது ரயிலு.”

“ரயில்தான் ரீச்சர். ஆனா என்ர குரலும் ஆடினதோ எண்டு எப்பிடித் தெரியும்?”

ஒரு சனிக்கிழமை அவர் ஒரே ஒரு ‘ஸ’வை இருபத்தைந்து நிமிடம் பாடினார்.

தாள வகுப்பில் அவரை எல்லோருக்கும் பிடிக்கும். தொடையில் தட்டி ஆதி தாளம் போடும்போது, வேலைக் காற்சட்டையிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் சிமெண்டுத் தூசி எழும்பும். முதல் தட்டுக்குப் பெரிய மேகம், மற்றவற்றுக்குச் சின்ன மேகம். தாளத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது அந்த வகுப்பில் மட்டும்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தும்மல் வரும். அதுவும் பெரும்பாலும் தாளத்தோடு வரும்.

சங்கீதம் கேட்கும் பத்து நிமிடமும் தூங்குவார்.

வரிசைகளைத் தொடங்கியபோதுதான் உண்மையான கஷ்டம் வந்தது. முதல் ஸரளி வரிசை ஸரிகமபதநி என்று ஏறி இறங்குவது. அதைப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் முடித்தார்கள். மேசன் அண்ணை ஐந்து வாரம் அதிலேயே நின்றார். சரியாகத்தான் பாடினார்.

“நல்லா வருதே அண்ணே, அடுத்ததுக்குப் போலாமா?”

“வந்திட்டுது. இன்னும் இறுகேல்லை. கொங்கிறீற் போட்டா உடன ஏறி நிக்கிறதே? நாளாந்தம் தண்ணி விடோணும்.”

தண்ணீர் விடுவது என்றால் காலையில் சாரத்தின் மேல் நின்று, செங்கல் அடுக்கிக்கொண்டே அந்த வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடுவது. அவரோடு வேலை செய்த போலந்துக்காரருக்கும் அது மனப்பாடமாகிவிட்டதாம். அவர்கள் வேலை செய்த வீட்டுக்காரப் பாட்டி ஒருநாள் தேநீரோடு வந்து, இது உங்கள் பிரார்த்தனையா என்று கேட்டிருக்கிறார். ஓம், ஆமாம் என்றிருக்கிறார் மேசன் அண்ணை. அதிலிருந்து அவர்கள் பாடி முடிக்கும்வரை பாட்டி தலைகுனிந்து நிற்பாராம்.

இறுகியதா என்று பார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தார்.

“பாரம் ஏத்திப் பாக்கோணும் ரீச்சர். பிள்ளையள், நான் பாடேக்க எல்லாரும் கத்துங்கோ. நல்லாக் கத்துங்கோ.”

ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கத்த அனுமதி கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நாற்காலியில் ஏறினார்கள். மேசையில் அடித்தார்கள். ஒருத்தி அவர் காதருகே போய் நாயைப் போலக் குரைத்தாள். மேசன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு ஸரிகமபதநி என்று அசையாமல் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் இலக்கணம் எடுக்கும் ஆசிரியை கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

“இஞ்ச என்ன அடிபாடோ நடக்குது?”

“பரீட்சை டீச்சர்” என்றேன் நான்.

“மேசன் மாமா பாஸ்!” என்று கத்தினாள் அபிநயா. அவளுக்கு ஏழு வயது. “மாமா, அகெய்ன்! அகெய்ன்!”

நோய் பரவ அதிக நாள் ஆகவில்லை. ஒரு தாய் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

“ரீச்சர், அபிநயாவை ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் பழகச் சொன்னா, ஏலாது, இன்னும் காயேல்லை எண்டு சொல்லுறாள். என்ன காயோணும்?”

இப்படியே குளிர்காலம் போனது. பிள்ளைகள் மூன்று பாட்டு முடித்திருந்தார்கள். மேசன் அண்ணை ஸரளி வரிசை முழுவதையும், அதற்கு அடுத்த ஜண்டை வரிசையில் இரண்டையும் முடித்திருந்தார். நான் கேட்ட வயது வந்த மாணவர்களில் அவ்வளவு சுத்தமாக வரிசை பாடியவர் வேறு யாரும் இல்லை. ரயில் போனாலும் நாய் குரைத்தாலும் அசையாத குரல். ஆனால் ஒரு பாட்டில் ஒரு வரிகூட அவருக்குத் தெரியாது. மே மாதம் வந்துவிட்டது. அப்டன் பார்க் கடைகளில் மனைவி கூறைப்புடவை பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கல்யாணத்துக்கு மூன்று மாதம்.

“அண்ணே, பாட்டு?”

“அலங்காரம் முடியட்டும் ரீச்சர்.”

அலங்கார வரிசைகள் மட்டும் ஏழு இருக்கின்றன. அவருடைய வேகத்தில் பார்த்தால் அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்து அதற்கே கல்யாணம் ஆகிவிடும். மகளிடம் ஓம் என்ற மனிதர், அந்த ஒரு ஓமைக் காப்பாற்ற முடியாமல் மேடையில் ஜண்டை வரிசையோடு நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் செய்தபோது கொட்டித் தீர்த்தேன்.

“எந்த ஊரு கொத்தனாருடி அவரு?” என்றார் அம்மா.

“யாழ்ப்பாணம்மா. அஸ்திவாரம் எல்லாம் முடியட்டும், பெறகுதான் மத்ததுங்கிறாரு.”

“முடியட்டும்னா? செவரு ஏறும்போதே வாசலுக்கு நெலை வெச்சிரணும்ல? செவர முழுசா எழுப்பிட்டு, பெறகு இடிச்சா வெப்பாரு? அவரு கொத்தனாரே இல்ல, போ.”

என் பாடத்திட்டத்தில் நாற்பது பக்கத்தில் விளக்கியிருந்ததை அம்மா அடுப்பில் பருப்பு வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மேசன் அண்ணை உட்காரும்முன் கேட்டேன்.

“அண்ணே, வீடு கட்டும்போது வாசல் நிலையை எப்ப வைப்பீங்க?”

“சுவர் எழும்பேக்க வைக்கிறது. ஏன்?”

“சுவர் முழுக்க எழும்பி, காய்ஞ்ச பிறகு வைக்கக்கூடாதா?”

“ஆர் உங்களுக்குச் சொன்னது? பிறகு சுவரை உடைக்க வேண்டி வரும். நிலையை வைச்சு, அதோட சேர்த்துத்தான் கட்டோணும். அப்பதான் இறுக்கமா...”

பாதியில் நின்றார். என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். பாட்டு, பதினைந்து நிமிடம்.

“ஆர் சொன்னது இதை?”

“எங்கம்மா. சித்தாளா வேலை பாத்தவங்க. நீங்க கொத்தனாரே இல்லைன்னு சொன்னாங்க.”

ஒன்பது பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள்.

“சரி” என்றார் மேசன் அண்ணை. “பாட்டைத் தாங்கோ.”

முருகன் மேல் ஒரு சின்னப் பாட்டு. பல்லவி இரண்டு வரி, சரணம் நாலு வரி. இறுகிய குரல் என்பதால் ராகம் இரண்டே வாரத்தில் பிடிபட்டது. சொற்கள்தான் அவரை அலைக்கழித்தன. ஒரு வருடம் ஸரிகம மட்டும் பாடிய வாய்க்கு ‘வேலவா’ என்பது அந்நிய மொழியாக இருந்தது. முதல் வரிசையை மட்டும் ஐந்து வாரம் ஆற வைத்தவர் பாட்டு முழுவதையும் பன்னிரண்டு வாரத்தில் கட்டி முடித்தார். கடைசிச் சனிக்கிழமையன்று பிள்ளைகள் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். சரணத்தின் இரண்டாம் வரி மட்டும் ஒருமுறை கழன்றது.

கல்யாணம் ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபத்தில். தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் அவருடைய பாட்டு என்று ஏற்பாடு. பட்டு வேட்டி, சால்வையோடு மேடையேறினார். மணவறையில் தர்ஷினியும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வாத்தியங்களை ஓரமாக வைத்துவிட்டு, பார்க்கலாம் என்ற முகத்தோடு சாய்ந்துகொண்டார்கள். போனில் சுருதி போட்டுக் கையில் பிடித்தபடி நான் ஓரமாக நின்றேன்.

பல்லவி வந்தது. வடிவாகவே வந்தது. நாதஸ்வரக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரணத்தின் முதல் வரி வந்தது. இரண்டாம் வரி வரவில்லை.

தர்ஷினியின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. மாலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் வரியை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். மேசன் அண்ணை என்னைப் பார்த்து வேண்டாம் என்று கையைக் காட்டினார். மைக்கைக் கிட்டே இழுத்தார்.

“சபையோர் மன்னிக்கோணும். இதில ஒரு கல்லுக் கழண்டு போச்சு. இடிச்சுப்போட்டுத் திரும்பக் கட்டுறன். பசிக்கிறவை சாப்பிடப் போகலாம். ஆனா வடை இன்னும் பொரிச்சு முடியேல்லையாம், நான் விசாரிச்சிட்டன்.”

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பல்லவியின் முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினார். இந்த முறை இரண்டாம் வரி வந்தது, மூன்றாம் வரி போனது.

“இன்னும் ஒருக்கா” என்றார், எந்தப் பதற்றமும் இல்லாமல். “இந்த முறை பாதிதான் விழுந்தது.”

மூன்றாவது முறை தவில்காரர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஒருவரும் சாப்பிட எழுந்து போகவில்லை. ஆறு வரியும் வந்து, பல்லவிக்குத் திரும்பி, முடிந்தது. வடை பொரித்து முடிந்ததைச் சொல்ல வந்த சமையல்காரரும் கரண்டியோடு வாசலில் நின்று கை தட்டினார்.

தர்ஷினிக்குச் சிரித்துச் சிரித்துக் கண் மை கன்னம்வரை வந்துவிட்டது. அலங்காரம் செய்த பெண் ஓடிவந்து திட்டினாள். அதைப் பொருட்படுத்தாமல் தர்ஷினி அப்பாவின் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, மறந்தா நிப்பாட்டிட்டுத் திரும்பத் தொடங்கலாமெண்டு ஏன் எனக்கு அண்டைக்குச் சொல்லேல்லை?”

“எனக்கே தெரியாதே பிள்ளை. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பனே” என்றார் அவர்.

நாற்பது பக்கப் பாடத்திட்டத்தில் எனக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்த காரியம் முடிந்துவிட்டது. காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோதே ‘மேசன் அண்ணை’ என்ற பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டேன். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அதே காற்சட்டை, கையில் ஒரு டப்பா நிறையப் பயத்தம் பணியாரம். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

“அண்ணே, கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே?”

“ஓம், முடிஞ்சுது. அதுக்கென்ன ரீச்சர்? வீட்டைக் கட்டினா அதில குடியிருக்கோணும்தானே?”

பிள்ளைகள் பணியாரம் தின்று முடிக்கும்வரை நேரம் இருந்தது. பதிவேட்டை எடுத்து, அடித்திருந்த கோட்டுக்குப் பக்கத்தில் அவர் பெயரை மறுபடி எழுதினேன், மற்ற பெயர்களைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.